கத்தி முனையில் பயணம் செய்த நோய்

மாணவர்களே, இன்று பள்ளி விட்டு வீட்டுக்குப் போனதும் ஒரு சிறு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டின் பின்புறத்திலோ, பக்கத்து வீட்டு வேலியோரத்திலோ, கோயில் வளாகத்திலோ ஒரு பப்பாளி மரம் நிற்கக்கூடும். அதன் அருகே போய், உச்சிக் குருத்திலிருந்து அடிவரை ஐந்து நிமிடம் நிதானமாகப் பாருங்கள். இலை எப்படி இருக்கிறது? இலைக்காம்பு நிமிர்ந்து நிற்கிறதா, தொங்குகிறதா? காயின் தோலில் புள்ளி ஏதும் உண்டா?

ஒரு மரத்தைப் பார்க்க ஐந்து நிமிடம் எதற்கு என்று கேட்பீர்கள். அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்கத் தெரியாததால் ஒரு தோட்டமே அழிந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதில் என் கைக்கும் பங்கு உண்டு.

மாமாவின் தோட்டம்

அப்போது நான் இரண்டாம் படிவ மாணவன். பத்து பகாட் பக்கம் என் மாமா அரை ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, ஏறத்தாழ முந்நூறு பப்பாளிக் கன்றுகள் நட்டிருந்தார். தோட்ட வேலையை விட்டுவிட்டு, சேர்த்த பணத்தையும் கடன் வாங்கிய பணத்தையும் அதில் போட்டிருந்தார். நட்டு எட்டு, ஒன்பது மாதங்களில் முதல் அறுவடை கிடைத்தது. பழம் நல்ல சிவப்பு, நல்ல இனிப்பு. வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி.

அந்த ஆண்டின் இறுதியில் பருவமழை பிடித்துக்கொண்டது. ஒரு மூலையில் நாலைந்து மரங்களில் இலைக்காம்புகள் துவண்டு தொங்கின. “மழைத் தண்ணி நின்னு அழுகுதுடா. தொங்குறதை எல்லாம் வெட்டிப் போடு” என்றார் மாமா. பள்ளி விடுமுறை. நான் பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு மரம் மரமாகப் போனேன். நோயுற்ற மரத்தில் காம்பை வெட்டினேன். அதே கத்தியால் அடுத்த மரத்தில் வாடிய இலையையும் கழித்தேன். ஒரு முழு வரிசையை முடித்துவிட்டுப் பெருமையோடு வீட்டுக்கு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து, நான் ‘சுத்தம்’ செய்த வரிசை முழுவதும் தலை அழுகி நின்றது. கடையில் கேட்டுப் பூச்சிமருந்து வாங்கி அடித்தார் மாமா. மருந்துக்குச் செலவானதே தவிர, பயன் இல்லை. அடுத்த சில மாதங்களில் தோட்டத்தில் நின்றவை தலையில்லாத மொட்டைக் கம்பங்கள். மாமா மோட்டார் சைக்கிளை விற்றுக் கடனில் பாதியை அடைத்தார். பிறகு தொழிற்சாலையில் காவல் வேலைக்குப் போனார்.

அந்த நோய்க்கு அப்போது எங்களுக்குப் பெயர் தெரியாது. பெயர் தெரியாததுதான் எங்களுடைய முதல் தோல்வி.

தொடங்கிய இடம் நம் ஜொகூர்

இப்போது அதற்குப் பெயர் உண்டு. ஆங்கிலத்தில் ‘பப்பாயா டைபேக்’ என்பார்கள். உச்சியில் தொடங்கிக் கீழ்நோக்கிச் சாகும் நோய் என்பதால் ‘நுனிச்சாவு’ அல்லது ‘குருத்தழுகல்’ எனத் தமிழில் சொல்லலாம். மலேசியாவில் இது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 2003-ஆம் ஆண்டில், நம் ஜொகூர் மாநிலத்தின் பத்து பகாட்டில். அங்கிருந்து மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. 2006-ஆம் ஆண்டுக்குள் சுமார் 10 லட்சம் மரங்கள் அழிந்ததாக ஆய்வுக் கட்டுரைகள் குறிப்பிடுகின்றன.

அக்காலத்தில் மலேசியா உலகின் முன்னணிப் பப்பாளி ஏற்றுமதி நாடுகளுள் ஒன்று. சிங்கப்பூருக்கும் ஹாங்காங்குக்கும் பெட்டி பெட்டியாகப் போனது நம் பழம். அதில் பெரும்பங்கு ‘எக்சோத்திக்கா’ ரகம். ஹவாய்த் தீவின் ‘சன்ரைஸ் சோலோ’ பப்பாளியையும் நம் நாட்டு ‘சுபாங் 6’ பப்பாளியையும் கலப்பினம் செய்து, மலேசிய விவசாய ஆராய்ச்சி, மேம்பாட்டுக் கழகமான மார்டி 1987-இல் வெளியிட்ட ரகம் அது. என் மாமா நட்டதும் அதுதான்.

மூவரில் யார் குற்றவாளி?

மருத்துவரிடம் போனால் உடனே மாத்திரை எழுதுவதில்லை. நாக்கைப் பார்ப்பார், காய்ச்சலை அளப்பார், கேள்வி கேட்பார். மரத்துக்கும் அதே முறைதான். ‘இலை வாடுகிறது’ என்ற ஒரே குறியை வைத்து மருந்து வாங்கக் கூடாது. ஜொகூரில் ஒரு பப்பாளி மரத்தை வாட்டக்கூடிய மூவரைப் பார்ப்போம். ஒருவர் வைரஸ், ஒருவர் பூச்சி, ஒருவர் பாக்டீரியா. மூவருக்கும் வைத்தியம் வேறு வேறு.

முதலாமவர், வளையப்புள்ளி வைரஸ். இதுவும் மலேசியாவில் முதலில் தென்பட்டது ஜொகூரில்தான், ஆண்டு 1991. இலையில் மஞ்சளும் பச்சையும் கலந்த திட்டுகள் தோன்றும். இளம் இலைகள் சுருங்கி, சில சமயம் கயிறுபோல் ஒடுங்கிவிடும். காயின் தோலில் பேனாவால் வரைந்ததுபோல் சிறு சிறு வளையங்கள் இருக்கும். வளையத்தைக் கண்டால் வேறு யாரையும் சந்தேகப்பட வேண்டாம். மரம் உடனே சாகாது. குட்டையாகி, காய்ப்புக் குறைந்து, நோயாளியாகவே நிற்கும்.

இந்த வைரஸைச் சுமந்து வருபவை அசுவினிப் பூச்சிகள். ‘அப்படியானால் பூச்சிமருந்து அடிக்கலாமே’ என்று தோன்றும். ஆனால் அசுவினி நோயுற்ற இலையில் ஊசி வாயைக் குத்தி எடுக்கச் சில விநாடிகள் போதும். அடுத்த மரத்தில் குத்தி வைரஸை இறக்கவும் அதே அளவு நேரம்தான். மருந்து பட்டு அது சாவதற்குள் வேலையை முடித்துவிடும். ஆகவே நோயுற்ற மரத்தை உடனே அகற்றுவதுதான் முதல் வழி. ஹவாயில் இந்த வைரஸ் பப்பாளித் தொழிலையே முடக்கியபோது, மரபணு மாற்றம் செய்த ‘ரெயின்போ’ என்ற ரகத்தை 1998-இல் விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள்.

இரண்டாமவர், மாவுப்பூச்சி. இலையின் அடியிலும் காயின் மேலும் பஞ்சை ஒட்டி வைத்ததுபோல் வெள்ளையாகக் கூட்டம் கூட்டமாக இருக்கும். சாற்றை உறிஞ்சி, இனிப்பான கழிவை வெளியேற்றும். அதைத் தேடி எறும்பு வரும். அதன்மேல் கரும்பூசணம் படியும். பஞ்சு, எறும்பு, கரி ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் மாவுப்பூச்சி என்று தாராளமாகச் சொல்லலாம்.

தமிழ்நாட்டில் 2008-இல் கோயம்புத்தூர் வட்டாரத்தில் இந்தப் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி, பருத்தி என்று பரவியது. விவசாயிகள் மருந்து அடித்துப் பார்த்தார்கள். பூச்சியின் மேலிருக்கும் மெழுகுப் பூச்சு மருந்தைத் தடுத்தது. மருந்தில் செத்தவை அதைத் தின்னும் நல்ல பூச்சிகள். 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைச் சிறு குளவிகளை வரவழைத்து, பெருக்கி, வயல்களில் விட்டார்கள். கடுகைவிடச் சிறிய அந்தக் குளவி, மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டை இடும். முட்டையிலிருந்து வரும் புழு, மாவுப்பூச்சியை உள்ளிருந்தே தின்று வளரும். மருந்து செய்யாததைக் குளவி செய்தது. அந்த மாவுப்பூச்சி பின்னர் மலேசியாவிலும் காணப்பட்டது.

மூன்றாமவர்தான் என் மாமாவின் தோட்டத்துக்கு வந்தவர். முதலில் இலையிலும் காம்பிலும் தண்ணீரில் ஊறியதுபோன்ற கரும்பச்சைத் திட்டுகள் தோன்றும். பிறகு காம்பு வலுவிழந்து தொங்கும். குருத்து அழுகும். காயின் தோலில் நீர்கோத்த புள்ளிகள் வரும். ஆனால் வளையம் இருக்காது. பஞ்சும் எறும்புக் கூட்டமும் இருக்காது. மழைக்காலத்தில் சில வாரங்களிலேயே தலை விழுந்து, தண்டு மட்டும் நிற்கும். இது பாக்டீரியாவின் வேலை. பாக்டீரியாவுக்குப் பூச்சிமருந்து அடித்தால் என்ன பயன்? இருமலுக்குக் கொசுவர்த்தி கொளுத்தியதுபோல்தான்.

கிருமியின் பெயர் எப்படித் தெரிந்தது?

அழுகிய தண்டை நுண்ணோக்கியில் பார்த்தால் பல வகைப் பாக்டீரியாக்கள் தெரியும். எது நோயை உண்டாக்கியது, எது அழுகிய பிறகு சாப்பிட வந்தது? இதைப் பிரித்தறிய ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் 19-ஆம் நூற்றாண்டில் வகுத்த முறையை இன்றும் பயன்படுத்துகிறோம். அது நான்கு படிகள் கொண்டது.

ஒன்று, நோயுற்ற மரங்களில் அந்தக் கிருமி இருப்பதைக் காண வேண்டும். இரண்டு, அதைத் தனியே பிரித்து ஆய்வகத் தட்டில் வளர்க்க வேண்டும். மூன்று, அப்படி வளர்த்ததை நல்ல கன்றில் ஏற்றினால் அதே நோய் வர வேண்டும். நான்கு, அந்தக் கன்றிலிருந்து மறுபடியும் அதே கிருமியைப் பிரித்தெடுக்க வேண்டும். நான்கும் நிறைவேறினால்தான் ‘இவன்தான் குற்றவாளி’ என்று தீர்ப்புச் சொல்லலாம்.

நம் நாட்டில் நடந்ததைப் பாருங்கள். 2008-இல் வெளிவந்த ஆய்வு, இந்நோய்க்குக் காரணம் ‘எர்வினியா பப்பாயே’ என்ற பாக்டீரியா என்றது. 2011-இல் மார்டி ஆய்வாளர்கள், மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்து, அது ‘எர்வினியா மல்லோட்டிவோரா’ என்று அறிவித்தார்கள். முதலில் சொன்ன பெயர் பின்னர் திருத்தப்பட்டதை அறிவியலின் குறையாக எண்ணாதீர்கள். சான்று மாறினால் முடிவையும் மாற்றுவதுதான் அறிவியலின் நேர்மை. இந்தக் கிருமி முதலில் விவரிக்கப்பட்டது ஜப்பானில், மல்லோட்டஸ் என்ற மரத்தில். ‘மல்லோட்டஸைத் தின்பது’ என்பதே அதன் பெயரின் பொருள். நம் ஊர்ச் சாலையோரங்களில் வளரும் ‘பாலிக் ஆங்கின்’ மரம் அந்த மல்லோட்டஸ் குடும்பத்து உறவு.

ஆப்பிள் தோட்டத்தில் ஓர் அண்ணன்

எர்வினியா என்ற பெயர், எர்வின் ஸ்மித் என்ற அமெரிக்கத் தாவர நோயியலாளரின் நினைவாக வைக்கப்பட்டது. அந்த இனத்தில் மிகவும் பேர்போனது நம் பப்பாளிக் கிருமியல்ல. அதன் அண்ணன் ‘எர்வினியா அமைலோவோரா’. அது ஆப்பிள், பேரிக்காய் மரங்களைத் தாக்கும். தாக்கிய கிளை நெருப்பில் கருகியதுபோல் கறுத்து, நுனி வளைந்து தொங்கும். அதனால் ‘தீக்கருகல்’ என்று சொல்லலாம்.

பாக்டீரியா செடிகளுக்கும் நோய் உண்டாக்கும் என்பதே இந்தத் தீக்கருகலால்தான் உலகுக்குத் தெரிந்தது. 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் பர்ரில் அதைக் கண்டறிந்தார். இந்த நோய்க்கு நாடுகள் எவ்வளவு அஞ்சின தெரியுமா? நியூசிலாந்தில் இது கண்டுபிடிக்கப்பட்டதும், ஆஸ்திரேலியா 1921-இல் நியூசிலாந்து ஆப்பிளுக்குத் தடை போட்டது. உலக வணிக அமைப்புவரை வழக்குப் போன பிறகு, 2011-இல்தான் கதவு திறந்தது. ஒரு பாக்டீரியாவுக்காக 90 ஆண்டுகள்!

ஆப்பிள் விவசாயிகள் நமக்கு இரண்டு பாடங்கள் வைத்திருக்கிறார்கள்.

முதல் பாடம்: கண்ணுக்குத் தெரியும் எல்லை, நோயின் எல்லை அல்ல. கறுத்த பகுதியை மட்டும் வெட்டினால் போதாது; அதற்குக் கீழே 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி, பசுமையாகத் தெரியும் இடத்தில் வெட்ட வேண்டும். ஏன்? ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு பாக்டீரியா 2 மணி நேரத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரத்தில் 12 முறை பிரியும். 2-ஐ 12 முறை பெருக்கினால் 4,096. இரண்டாம் நாள் முடிவில்? 4,096-ஐ 4,096-ஆல் பெருக்குங்கள்: 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல். இலை வாடுவதை நாம் பார்க்கும் நாளில், பசுமையாகத் தெரியும் தண்டுக்குள்ளும் அது குடியேறியிருக்கும்.

இரண்டாம் பாடம்: நோய்க்கொல்லி மருந்து நிரந்தரத் தீர்வு அல்ல. அமெரிக்காவில் ஆப்பிள், பேரிக்காய்ப் பூக்களில் ஸ்ட்ரெப்டோமைசின் தெளித்தார்கள். 1971-லேயே கலிபோர்னியாவில் அந்த மருந்துக்கு அசையாத கிருமிகள் தோன்றிவிட்டன. மருந்து, பலவீனமான கிருமிகளைக் கொன்று, தாக்குப்பிடிப்பவற்றுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தது. இயற்கைத் தேர்வு என்று நீங்கள் படிப்பது இதைத்தான்.

அப்படியானால் என்ன செய்வது?

பப்பாளியை மரம் என்று சொல்கிறோம்; உண்மையில் அது மாபெரும் செடி. வைரம் பாய்ந்த கட்டை அதற்கு இல்லை. தண்டு மென்மையானது, உள்ளே பொள்ளல். கிருமிக்கு அது அகலச் சாலை. எனவே நோய் வந்த பப்பாளியைக் காப்பாற்ற முயல்வதைவிட, வராத பப்பாளியைக் காப்பாற்றுவதே அறிவு.

நோயுற்ற மரத்தை முழுவதும் அகற்றிக் குழியில் புதைக்க வேண்டும். வெட்டிப் போட்ட இலையையும் காயையும் தோட்டத்திலேயே விட்டுவைக்கக் கூடாது. திறந்தவெளியில் எரிப்பது நம் நாட்டில் பொதுவாகச் சட்டப்படி தடை. ஆகவே புதைப்பதே நல்லது. மழை பெய்து இலைகள் ஈரமாக இருக்கும்போது வெட்டு வேலை வேண்டாம். ஈரம் இருந்தால்தான் கிருமி நகரும். மழைத்துளி தெறிக்கும்போது அடுத்த மரத்துக்கு ஏறும். வெட்டுக்காயமும் இலைத்துளைகளும் அதற்கு வாசல். மரங்களை நெருக்கமாக நடாமல், காற்றும் வெயிலும் புக இடம் விட்டு நட வேண்டும். வடிகால் சரியாக இருக்க வேண்டும். நோய் கண்ட தோட்டத்திலிருந்து விதையோ கன்றோ எடுக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், கத்தி. ஒரு மரத்தை வெட்டியதும், அடுத்த மரத்தைத் தொடும் முன் அதைக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். துணி வெளுக்கும் குளோரின் திரவம் 1 பங்கு, தண்ணீர் 9 பங்கு கலந்து, அதில் கத்தியைச் சில நிமிடம் நனைக்கலாம். அல்லது 70 விழுக்காடு ஆல்கஹாலால் துடைக்கலாம். வேலை முடிந்ததும் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். இல்லையென்றால் கத்தி துருப்பிடிக்கும். குளோரின் திரவத்தை வேறு எந்தச் சுத்திகரிப்புத் திரவத்தோடும் கலக்காதீர்கள். நச்சு வாயு வரும். கையுறை போடுங்கள். கத்தி வேலைக்குப் பெரியவர்கள் உடன் இருக்க வேண்டும்.

தோட்டக்காரரிடம் இன்னொன்றும் கேட்கலாம்: ஏன் எல்லாம் ஒரே ரகம்? எக்சோத்திக்கா இனிப்பானது, சந்தை அதைத்தான் கேட்டது. ஆகவே நிலமெங்கும் அதையே நட்டார்கள். அதற்கு இந்தக் கிருமியைத் தாங்கும் வலு இல்லை. ஒரு மரத்தின் பூட்டைத் திறந்த சாவி, எல்லா மரத்தையும் திறந்தது. அதன் பிறகு மார்டி, நோயைத் தாங்கும் ‘வியோரிக்கா’ போன்ற ரகங்களை உருவாக்கியது. பல ரகம் இருந்தால், ஒன்று விழும்போது இன்னொன்று நிற்கும்.

உங்கள் ஐந்து நிமிடம்

இப்போது அந்தப் பப்பாளி மரத்தடிக்குத் திரும்புங்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் கைத்தொலைபேசிக் கேமராவும் போதும். காயில் வளையம் உண்டா? ஆம் என்றால் வைரஸ் என்று எழுதுங்கள். இலையடியில் வெள்ளைப் பஞ்சும் எறும்பும் உண்டா? மாவுப்பூச்சி. நீரில் ஊறியதுபோன்ற திட்டும், தொங்கும் காம்பும், அழுகும் குருத்தும் உண்டா? பாக்டீரியாவாக இருக்கலாம், கை வைக்காமல் படம் எடுத்து, உங்கள் அறிவியல் ஆசிரியரிடமோ, மாவட்ட விவசாய இலாகா அலுவலகத்திலோ காட்டுங்கள். வாரம் ஒரு முறை, அதே நாளில், அதே மரத்தைப் பார்த்துத் தேதியோடு எழுதி வாருங்கள். மழை பெய்த நாள்களையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்தில் உங்கள் கையில் இருப்பது ஓர் உண்மையான ஆய்வுப் பதிவு.

மாமா இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். வீட்டுக்குப் பின்னால் ஆறு பப்பாளி நட்டிருக்கிறார். போன விடுமுறையில் போயிருந்தபோது, காய்ந்த இலை கழிக்க நான் பாராங்கை எடுத்தேன். “இரு தம்பி” என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர், ஒரு வாளியில் குளோரின் தண்ணீர் கலந்து கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொரு மரத்துக்கும் நடுவே கத்தியை அதில் நனைத்தேன். ஆறு மரத்துக்கு ஆறு முறை. அரைமணி நேரம் கூடுதலாக ஆனது. பழைய தோட்டத்தைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை.

அந்த ஆறு மரங்களும் இன்று காய்த்துக்கொண்டிருக்கின்றன.